கொழும்பு ஈரத்தில் 11 யுகுலேலே: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழி

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கமாக, மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி, துணி காயப்போட மட்டும் போதுமான ஒரு பல்கனி. அதற்குள் அம்மா, மனைவி, நான், 11 யுகுலேலே (நான்கு தந்தி உள்ள, குட்டிக் கிற்றார் போன்ற வாத்தியம்). நான்கு வாங்கும்வரை இடம் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. ஐந்தாவது கட்டிலுக்குக் கீழே போனது. கரைச்சல் அங்கேதான் தொடங்கியது.

வாத்தியத்தோடு பெட்டிக்குள் வரும் கையேடு குளிர்நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்துவிடும், மரம் வெடிக்கும், ஆகவே உள்ளே ஈரப்பஞ்சு வை என்று சொல்லும். கொழும்பில் அதைச் செய்தால் யுகுலேலேக்குள் காளான் வளர்க்கலாம். நமக்குத் தொல்லை மறுபக்கத்திலிருந்து வருகிறது. காற்றில் ஈரம் சாதாரணமாகவே 75, 80 சதவீதத்தில் நிற்கிறது. அதோடு கடல் உப்பு. அதோடு இரவில் ஏசி, பகலில் திறந்த யன்னல்.

பல வருடம் பிழை விட்டுப் பிழை விட்டு நான் கண்டுகொண்டது இதுதான்: வாத்தியம் ஒன்றில் காற்றோட்டமான இடத்தில் திறந்து இருக்க வேண்டும், அல்லது முழுக்க அடைத்த பெட்டிக்குள் உலர்த்தியோடு இருக்க வேண்டும். பாதி மூடிய இடம்தான் கொல்லும். துணிப் பைக்குள், கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, கதவுக்குப் பின்னால். சிறிய வீட்டில் நாம் முதலில் தேடிப்பிடிப்பதும் அந்த இடங்களைத்தான்.

தொடங்கமுன் இரண்டு வேலை

ஒரு ஈரப்பதன்மானி வேண்டும். சின்ன டிஜிட்டல் மானி போதும், ஆனால் மலிவானது பொய் சொல்லும். சோதிக்க ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர் விடுங்கள். உப்புக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் அந்த மானி எப்போதும் 6 குறைவாகச் சொல்கிறது என்று எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். என்னுடைய இரண்டு மானிகளில் ஒன்று 9 புள்ளி பிழை. அதை நம்பித்தான் ஒரு வருடம் முழுக்க நிம்மதியாக இருந்தேன்.

அடுத்தது, உங்களுடையது முழுமரமா, ஒட்டுப்பலகையா என்று பாருங்கள். ஓசைத்துளையின் விளிம்பை டோர்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். மேலே ஓடும் மரக்கோடு விளிம்பில் மடிந்து உள்ளேயும் தொடர்ந்தால் முழுமரம். விளிம்பில் பலகாரம் மாதிரி இரண்டு மூன்று படை தெரிந்தால் ஒட்டுப்பலகை. மரம் நாருக்குக் குறுக்காகத்தான் உப்பும், சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. ஒட்டுப்பலகையில் படைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒட்டுப்பலகை வாத்தியம் 70 சதவீதத்தைத் தாண்டிய ஈரத்தையும் தாங்கிக்கொண்டு சுவரில் தொங்கும். முழுமரத்துக்கு 45 முதல் 55 வரை வேண்டும். ஒட்டுப்பலகையைக் கேவலமாக நினைக்கிறவர்கள் ஒரு ஐப்பசி மாதம் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்கட்டும்.

பையைத் திறந்தால் பூஞ்சண மணம்

எல்லாருக்கும் வருவது, எனக்கு முதலில் வந்ததும் இதுதான். கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மழைதான் பெரிய மழை. ஏப்ரல், மே அடுத்தது. அந்த நவம்பரில் கட்டிலுக்குக் கீழிருந்த சொப்ரானோவை, அதாவது ஆகச் சின்ன அளவு யுகுலேலேயை, இரண்டு மாதத்துக்குப் பிறகு எடுத்தேன். பையின் ஸிப்பை இழுத்ததும் அம்மா மற்ற அறையிலிருந்து கேட்டா: "உதுக்குள்ளை என்ன தம்பி, ஈரத் துவாயை மடிச்சு வைச்சனியே?" கழுத்தின் பின்பக்கத்தைத் தடவினால் பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் அது சாம்பல் நிறப் பூஞ்சணம் என்று தெரிந்தது. விரல் பிடித்து வாசிக்கிற இடங்களில்தான் அடர்த்தி கூட. நம் கை வியர்வையும் எண்ணெயும்தான் அதற்குச் சாப்பாடு.

செய்ய வேண்டியது: பல்கனிக்குக் கொண்டுபோங்கள், ஆனால் நேர் வெயிலில் வைக்க வேண்டாம். முகக்கவசம் போடுங்கள். காய்ந்த மென்மையான தூரிகையால் முதலில் தட்டுங்கள். பிறகு ஒரு பருத்தித் துணியை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் நனைத்து, இனிப் பிழிய முடியாது என்கிற அளவுக்குப் பிழிந்து துடையுங்கள். உடனே காய்ந்த துணி. ஸ்பிரிட் வேண்டாம், சில பழைய வார்னிஷ் வகைகளை அது கரைத்துவிடும். விரல்பலகைக்குப் பெரும்பாலும் வார்னிஷ் கிடையாது. அதில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளின் ஓரங்களைப் பழைய பல்துலக்கியால் உலர்வாகத் தேய்த்தால் போதும். வாத்தியத்தின் உடலுக்குள் ஈரத்துணியை விடக் கூடாது. காய்ந்த தூரிகை மட்டும். ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு டோர்ச் அடித்தால், முதுகுப் பலகையின் தாங்குகட்டைகளின் ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

வாத்தியத்தைத் துடைத்துவிட்டு அதே பைக்குள் திரும்ப வைப்பதுதான் அடுத்த பிழை. பூஞ்சண விதை முழுக்கப் பையின் ஸ்பொஞ்சுக்குள் இருக்கிறது. துணிப் பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் உட்புறத்தை வெளியே திருப்பிக் காயவிடுங்கள். அப்புறமும் மணந்தால் எறிந்துவிடுங்கள். பையை நூறு தடவையும் வாங்கலாம்.

பிறகு இடத்தை மாற்ற வேண்டும். ஒட்டுப்பலகை என்றால் சுவரில், திறந்தபடி. முழுமரம் என்றால் ரப்பர் விளிம்பும் கொளுக்கியும் உள்ள பிளாஸ்டிக் பெட்டி. புறக்கோட்டையில் சமையல் சாமான் விற்கிற ஒழுங்கைகளில் கிடைக்கும். சொப்ரானோவின் முழு நீளம் ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர், அடுத்த அளவான கொன்சேர்ட் 58, அதற்கும் அடுத்த டெனர் 66. அளவுநாடா கொண்டுபோங்கள், கடையில் பெரிதாகத் தெரிகிற பெட்டியின் அடிப்பாகம் எப்போதும் ஒடுங்கியிருக்கும். ஒரு பெட்டிக்குள் இரண்டு சொப்ரானோ, நடுவில் பழைய பருத்திச் சேலைத் துண்டு, ஒரு மானி, 200 கிராம் சிலிக்கா ஜெல்.

சிலிக்கா பற்றிச் சொல்ல வேண்டும். நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். நிறத்துக்காக அதில் போடுவது கோபால்ட் குளோரைட், நல்ல சாமான் இல்லை, பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் வகையைக் கேளுங்கள். நிறம் மாறியதும் ஓவனில் 120 பாகை சூட்டில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். பெட்டி உண்மையில் அடைபட்டிருந்தால் இதை மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். கிழமைக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருந்தால் ரப்பர் விளிம்பைப் பாருங்கள்.

சிலர் அரிசியைத் துணியில் முடிந்து வைக்கச் சொல்வார்கள். அரிசி கொஞ்சம்தான் ஈரம் குடிக்கும், பிறகு வண்டு வரும். கடைகளில் விற்கும், தண்ணீர் சேர்கிற பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம். அதற்குள் இருப்பது கல்சியம் குளோரைட்; ஈரத்தை நன்றாகவே இழுக்கும். ஆனால் பெட்டி சரிந்தால் அந்த உப்புத்தண்ணீர் நேரே வாத்தியத்தின் மேல். துணி அலுமாரியின் அடித்தட்டுக்குச் சரி.

தந்தி உயர்ந்துவிட்டது, அழுத்த விரல் நோகிறது

மேல்பலகை ஈரம் குடித்து வயிறு தள்ளினால், அதில் ஒட்டித் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜும் கூடவே எழும்பும், தந்தியும் எழும்பும். 12ஆவது ஃப்ரெட்டின் மேல், ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையில் உருக்கு அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். சொப்ரானோவில் 2.5 மில்லிமீற்றரை ஒட்டி இருந்தால் வாசிக்கச் சுகம். 3.5 என்றால் ஏதோ நடந்திருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் அடிமட்டத்தைக் குறுக்காக வைத்தால் இரு பக்கமும் எவ்வளவு ஆடுகிறது என்றும் தெரியும். கொஞ்சம் புடைப்பு எல்லா வாத்தியத்திலும் உண்டு. புதிதாக வாங்கிய நாளே அளந்து எழுதி வைத்திருந்தால் ஒப்பிடலாம்.

இங்கே அவசரப்படாதீர்கள். நான் ஒரு நவம்பரில் டெனரின் சாடிலை, அதாவது பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தை அரத்தாளில் தேய்த்து, உயரத்தைச் சரியாக்கி, பெருமையாக இருந்தேன். பெப்ரவரியில் மழை விட்டு, வயிறு இறங்கியது. நான்கு தந்தியும் ஃப்ரெட்டில் உரசிக் கரகரவென்றது. தேய்த்த எலும்பைத் திரும்ப வளர்க்க முடியாது. புதுச் சாடில் வாங்க வேண்டி வந்தது.

அடைத்த பெட்டிக்குள் 50 சதவீதத்தில் மூன்று கிழமை விடுங்கள். பெரும்பாலும் தானாக இறங்கும். இறங்காவிட்டால், பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே ஒரு கடதாசித் துண்டைத் தள்ளிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விடத் தொடங்கிவிட்டது. தந்திகளைத் தளர்த்திவிட்டு வாத்தியம் திருத்துகிறவரிடம் கொடுங்கள். சூப்பர் குளூவை மட்டும் தொடாதீர்கள். பிறகு திருத்துகிறவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், கூலியும் இரட்டிப்பாகும்.

எடுத்த உடனே பலகை வியர்க்கிறது

இதை முதன்முதல் பார்த்தபோது யாரோ தண்ணீர் தெளித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். படுக்கையறையில் இரவு முழுக்க ஏசி 22இல். காலையில் யுகுலேலேயைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்து, தேத்தண்ணியை வைத்துவிட்டு மடியில் எடுத்தால், பளபளப்பான மேல்பலகை மங்கியிருக்கிறது. விரலால் கோடு கீறலாம். அரை நிமிடத்தில் பிரிட்ஜ் ஓரத்தில் குட்டிக் குட்டித் துளி.

குளிர்பானப் போத்தலுக்கு நடப்பதுதான் இது. கொழும்புக் காற்றின் பனிபடு நிலை பெரும்பாலும் 24 பாகையை ஒட்டியே இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளை அந்தக் காற்றில் வைத்தாலும் மேலே தண்ணீர் படியும். வார்னிஷ் மேல் படிவதைத் துடைத்துவிடலாம். வார்னிஷ் இல்லாத உட்புறத்திலும் விரல்பலகையிலும் படிவதை மரம் குடித்துவிடும். தினமும் நடந்தால், தினமும் உப்பிச் சுருங்கும்.

உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். இனிமேல் வராமல் இருக்க, ஏசி அறையிலிருந்து வெளியே எடுப்பதானால் பைக்குள் மூடியபடி எடுத்து, முக்கால் மணித்தியாலம் திறக்காமல் ஹோலில் விடுங்கள். ஈரம் வாத்தியத்தில் படியாமல் பையின் வெளிப்பக்கத்தில் படியட்டும்.

24 மணித்தியாலமும் ஏசி ஓடுகிற வீடென்றால் அந்த அறையே நல்ல பெட்டகம். பெரும்பாலும் 50, 55இல் நிற்கும், திறந்தே தொங்கவிடலாம். கரண்ட் பில் பார்த்து இரவில் மட்டும் போடுகிற எங்களைப் போன்ற வீடுகளில் அந்த அறைதான் ஆகக் கூடாத இடம். இரவில் 55, மத்தியானம் 80. நான் சுவரில் தொங்குகிறவற்றை எல்லாம் படுக்கையறையிலிருந்து ஹோலுக்கு மாற்றினேன். 75இலேயே நிற்கிற ஹோல், 55க்கும் 80க்கும் இடையில் ஊஞ்சலாடுகிற அறையைவிட மேல்.

சாவி சுற்றக் கடினம், பச்சைப் பொடி

கடற்கரையிலிருந்து காலி வீதிவரை உள்ள எந்த வீட்டிலும் யன்னல் கம்பி, மின்விசிறி, சைக்கிள் எல்லாம் கறள் பிடிக்கும். யுகுலேலே தப்புமா? தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பல்சக்கரச் சாவிகளில் வெள்ளை, பச்சைப் பொடி முதலில் வரும், பிறகு கரகரவென்று இறுகும். பொடியைப் பல்துலக்கியால் துடைத்து, பல் சேருமிடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஊசிமுனையளவு விடுங்கள். சாவியை இரு பக்கமும் பத்துத் தடவை சுற்றி, வழிந்ததை ஒற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை, யன்னல் பக்கம் தொங்குகிறவற்றுக்கு.

பழைய மாதிரிச் சொப்ரானோக்களில் பல்சக்கரம் இருக்காது. வயலின் போல நேர்ப் பிருடை. அதற்கு எண்ணெய் போட்டால் முடிந்தது கதை, வழுக்கிக்கொண்டே இருக்கும். அதில் பிருடைத் தலையின் முனையில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். கால் சுற்று இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

மின்னொலி எடுக்கும் யுகுலேலே இருந்தால் பட்டறியைக் கழற்றி வையுங்கள். கவ்வி வைக்கும் டியூனரையும் தலையில் மாட்டியபடி விடாதீர்கள்.

சுருதி நிற்கவே இல்லை

இதற்கு இடம் காரணமாக இருக்கலாம், தந்தியும் காரணமாக இருக்கலாம். நைலோன் ஈரத்தைக் குடிக்கும், நீளும். மழைக்காலத்தில் மிருதங்கம் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். ஃப்ளோரோகார்பன் தந்தி ஏறக்குறைய ஈரமே குடிக்காது. தூண்டில்காரர் பாவிக்கும் அதே வகைப் பொருள்தான். ஹோல் சுவரில் தொங்குகிற எல்லாவற்றுக்கும் அதற்கு மாறிவிட்டேன். புதுத் தந்தி போட்ட முதல் கிழமை எதுவும் நிற்காது, அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

சேமித்து வைக்கும்போது தந்தியைத் தளர்த்த வேண்டுமா என்று கேட்பார்கள். கிற்றாரின் உருக்குத் தந்தி இழுப்போடு பார்த்தால் யுகுலேலேயின் இழுப்புச் சின்னது. சுருதியோடேயே விடலாம். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைத்தால் மட்டும் தளர்த்தியும் பிரயோசனம் இல்லை. அந்தச் சூட்டில் பசையே இளகும்.

மாப்பொடி, சின்னத் துளை, ஊர்கிற தூசி

பெட்டியின் அடியில் பவுடர் போன்ற மாவும், மரத்தில் குண்டூசித் துளையும் தெரிந்தால் உளுப்பு வண்டு. மூங்கில் யுகுலேலேகளில் இது கூட, மூங்கிலில் உள்ள மாச்சத்துத்தான் அதற்கு இரை. மாவுக்குப் பதில் கசகசா மணி போலச் சின்னச் சின்ன உருண்டை விழுந்தால் காய்ந்த மரத்தில் வாழும் கறையான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கம் இருக்கும். மூன்றாம் மாடிக்கு எப்படிக் கறையான் வரும் என்று கேட்காதீர்கள். அதற்கு மண் வேண்டாம், கதவு நிலைக்குள்ளேயே குடியிருக்கும்.

இரண்டில் எது என்றாலும், முதலில் அந்த ஒன்றைப் பிரித்துப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். கறுப்புக் கடதாசி மேல் ஒரு கிழமை வைத்துப் பாருங்கள். புதுப்பொடி விழாவிட்டால் அது பழைய காயம். விழுந்தால், உண்மையைச் சொல்கிறேன், மலிவான வாத்தியம் என்றால் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். ஒன்றைக் காப்பாற்றப் போய்ப் பத்தையும் கதவு நிலையையும் இழக்கத் தேவையில்லை.

ஊர்கிற தூசி மாதிரி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடுகிறவை புத்தகப்பேன். அவை மரத்தைத் தின்னாது, பூஞ்சணத்தைத்தான் தின்னும். மருந்தடிக்க வேண்டாம். காய வைத்தால் தாமாகவே போய்விடும். நப்தலீன் உருண்டையை மட்டும் போடாதீர்கள். மரத்துக்குள் ஏறிய அந்த மணம் வருடக்கணக்கில் போகாது.

கழுத்தில் ஒட்டுகிற தடம்

சுவர்க் கொளுக்கியின் ஸ்பொஞ்சோ ரப்பரோ பட்ட இடத்தில் வார்னிஷ் இளகி, மங்கிய தடம் விழும். பழைய, நைட்ரோசெலுலோஸ் பூச்சுள்ள வாத்தியங்களுக்குத்தான் இது வரும். இப்போதைய பொலியுரேத்தேன் பூச்சுக்குப் பெரும்பாலும் வராது. எது என்று தெரியாவிட்டால், கொளுக்கியில் பருத்தித் துணி சுற்றிவிடுங்கள். விழுந்த தடம் போகாது.

நடுச்சாமத்தில் யாரோ மீட்டுகிறார்கள்

கோளாறு இல்லை, ஆனால் பயந்துபோனோம். சுவரில் ஆறு யுகுலேலே ஏறிய முதல் கிழமை. கடைசி ரயில் கடற்கரையோரமாகப் போகிறபோது, விளக்கணைத்த ஹோலில் ம்ம்ம் என்று ஒரு முனகல். மனைவி எழுந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: "இஞ்சருங்கோ, உங்கடை ஆக்கள் பாடுகினம்." ரயிலின் அதிர்வு சுவர் வழியாக வந்து, சுருதியோடு நின்ற தந்திகளைத் தட்டியிருக்கிறது. ஒரு தந்தி ஒலித்தால் அதே சுருதியில் உள்ள மற்றத் தந்திகளும் கூட ஒலிக்கும். எல்லாம் ஒரே சுருதியில் இருந்ததால் எல்லாம் பாடின. ஃப்ரெட்டுக்கு மேலே தந்திகளுக்கு இடையில் ஒரு துணி நாடாவைச் செருகினால் நிற்கும். நாங்கள் செருகவில்லை, பழகிவிட்டது.

ஆனால் அந்த அதிர்வு கொளுக்கியின் ஸ்குரூவையும் தளர்த்தும். சீமெந்துச் சுவரில் ரோல் பிளக் போட்டு, மாதம் ஒருமுறை இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். வாடகை வீட்டில் துளைபோட விடமாட்டார்கள் என்றால், நிற்கும் உடுப்புச் சட்டகத்தில் கொளுக்கி மாட்டித் தொங்கவிடலாம்.

ஃப்ரெட் முனை கையைக் கீறுகிறது

கொழும்பில் அரிது. முழுநேர ஏசி வீடுகளில்தான் வரும். விரல்பலகை சுருங்கி, சுருங்காத உலோக ஃப்ரெட்டின் முனை வெளியே நீட்டுகிறது. அரம் எடுக்கமுன், 49 என்று எழுதிய இருவழி ஈரப்பொதி (ஈரம் குறைந்தால் விடும், கூடினால் குடிக்கும்) ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு இரண்டு கிழமை பாருங்கள். இதே பொதியைச் சாதாரணத் துணிப் பைக்குள் போட்டால், கொழும்புக் காற்று முழுவதையும் உலர்த்தப் பார்த்து ஊதிப்போய்ச் சாகும். முழுமரப் பலகையில் பிரிட்ஜுக்குக் கீழே நாரோடு ஒரு வெடிப்பும் தெரிந்தால் வாசிப்பதை நிறுத்தித் திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள்.

எல்லாம் சரி, இடம்தான் இல்லை

சுவரை அளந்தால் நினைத்ததைவிட இடம் இருக்கும். சொப்ரானோவின் அகலமான பகுதி ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர். இடைவெளி 8 விட்டால் ஒரு மீற்றர் சுவரில் நான்கு தொங்கும். ஒன்றை மேல், ஒன்றைக் கீழ் என்று மாற்றி மாற்றித் தொங்கவிட்டால், ஒன்றின் கழுத்துக்குப் பக்கத்தில் மற்றதன் வயிறு வந்து, ஐந்துகூட அடங்கும். எந்தச் சுவர் என்பதில்தான் கவனம். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மழையைக் கடல் பக்கத்து வெளிச்சுவரில் அடிக்கிறது. அந்தச் சுவரின் உட்பக்கம் தொட்டால் சில்லென்று இருக்கும். அதில் தொங்கவிடாதீர்கள். குளியலறைச் சுவரும் வேண்டாம், குசினியை ஒட்டியதும் வேண்டாம். இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள உட்சுவர்தான் சரி. சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் இடையில் விரல் போகும் அளவுக்காவது காற்று ஓடட்டும்.

பைக்குள் உள்ளவற்றை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள். கீழே உள்ளதன் பிரிட்ஜில் மேலே உள்ளதன் பாரம் இறங்கும். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள்.

பெட்டி வைக்கவும் இடம் இல்லாதவர்களுக்கு அலுமாரியின் ஒரு தட்டை உலர்தட்டாக்கலாம். காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் போதும்: 30 பாகையில் 80 சதவீத ஈரம் உள்ள அதே காற்று, 35 பாகைக்கு வந்தால் 60 சதவீதமாகிவிடும். பழைய படப்பிடிப்பாளர்கள் லென்ஸ் அலுமாரிக்குள் 15 வோட் குண்டு பல்ப் போட்டதும் இதற்குத்தான். துணி இருக்கும் அலுமாரியில் பல்ப் வேண்டாம், தீப்பிடிக்கும். கமெராக்காரர்கள் இப்போது பாவிக்கும் மின் உலர்பெட்டி பழையதாகக் கிடைத்தால், சொப்ரானோ படுக்கிற உயரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

எங்கள் வீட்டில் கடைசியாக மிஞ்சியது டெனரைவிடவும் பெரிதான பரிட்டோன். 76 சென்ரிமீற்றர், எந்தப் பெட்டிக்கும் அடங்காது, முழுமரம் ஆகையால் சுவரிலும் விட மனமில்லை. மனைவியின் அலுமாரியில் கூறைச் சேலை வைத்திருக்கும் பக்கத்தின் கதவு விளிம்பில் ரப்பர் பட்டி ஒட்டி, அடியில் அரைக் கிலோ சிலிக்கா வைத்து, பக்கவாட்டில் நிறுத்த அனுமதி கேட்டேன். ஒரு மாதம் பார்ப்போம் என்றார். அந்த ஐப்பசியில் சேலை மடிப்புகளில் வழக்கமாக வரும் மஞ்சள் புள்ளி வரவில்லை. இப்போது அந்த மானியை என்னைவிட அவர்தான் அடிக்கடி பார்க்கிறார். போன கிழமை 58 காட்டியதும், சிலிக்காவை ஓவனில் வைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது.